பிப்ரவரி முதல் மே வரை காவிரிக்கென்று ஒதுக்கிய 10 டி.எம்.சி. மேட்டூருக்குக் கீழே எங்கே?

நீரளவை

காவிரித் தீர்ப்பு என்றாலே, கர்நாடகம் ஆண்டுக்குத் தமிழக எல்லையில் விடவேண்டிய 177.25 டி.எம்.சி. என்ற எண்ணோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்த எண்ணுக்குள் இருக்கும் நான்கு மாதங்களைப் பற்றிப் பேசத்தான் இந்த விவாத இழை; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதுபவரின் புனைபெயர்.

2007-இல் காவிரி நடுவர் மன்றம் 50 விழுக்காடு நம்பகத்தன்மையில் (இரண்டு ஆண்டில் ஒன்றிலாவது கிடைக்கும் அளவு) மொத்த நீரை 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கனஅடி) என்று கொண்டது. அதில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வது 4. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419-இலிருந்து 404.25 ஆக்கியது, கர்நாடகத்தின் பங்கை 270-இலிருந்து 284.75 ஆக்கியது. இந்த 10-ஐயும் 4-ஐயும் தொடவில்லை.

எல்லை அளவு நிலையமான பிலிகுண்டுலுவில் வரவேண்டிய மாத அளவு: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76. இதுவரை கூட்டினால் 167.25. பிறகு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே நான்கிலும் தலா 2.5. அந்த 10 டி.எம்.சி.தான் சுற்றுச்சூழல் பங்கு. முதலில் 192 என்று இருந்தபோதும் 182 தமிழகத்தின் பங்கு, 10 ஆற்றின் பங்கு என்றே பிரித்திருந்தார்கள்.

மாதம் 2.5 டி.எம்.சி. என்பது நாள் முழுதும் ஓடும் ஏறக்குறைய வினாடிக்கு 965 கனஅடி. (ஒரு டி.எம்.சி. = ஒரு நாள் முழுதும் வினாடிக்கு 11,574 கனஅடி. இனி ஓட்டத்துக்குக் கனஅடி என்பதெல்லாம் வினாடிக்குத்தான்.) இது பிலிகுண்டுலுவைத் தாண்டுவதை மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. அதன் பிறகு மேட்டூரில் விழுந்து 93.47 டி.எம்.சி. கொள்ளளவுக்குள் கலந்துவிடுகிறது. ஆற்றுக்கென்று வந்த நீர் ஆற்றுக்கே போனதா என்று பார்க்கக் கணக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கை எங்கே, எப்படி எழுதலாம்?

தலைமதகு

அணைக்குள் வந்த நீருக்குப் பெயர் ஒட்ட முடியாது. வெளியேறும் இடத்தில்தான் கணக்கு வைக்க முடியும்.

ஜனவரி 28-இல் பாசன மதகு மூடிய பிறகு மேட்டூரிலிருந்து குடிநீருக்கு என்று ஏறக்குறைய 1,000 கனஅடி, சில காலம் அதற்கு மேலும் விடுவது வழக்கம். இந்த 1,000-உம் மேலே சொன்ன 965-உம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், "ஆற்றின் பங்கும் இதிலேயே போய்விடுகிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். இரட்டைக் கணக்கு நுழைவது இங்கேதான். குடிநீருக்கு விடும் நீர் உறைகிணற்றில் ஏறும் வரை ஆற்றுக்கும் பயன்படுகிறது, உண்மை. ஏறிய பிறகு இல்லை. ஈரோடு, கரூர், திருச்சி என்று வழிநெடுகக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கிணறுகள் இருக்கின்றன. திருச்சியின் குடிநீர்க் கிணறுகள் இருக்கும் கம்பரசம்பேட்டைக்குக் கீழே என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

ஆகவே மேட்டூர் மதகில் அளந்து பயனில்லை. மத்திய நீர் ஆணையத்துக்கு ஊராட்சிக்கோட்டை, கொடுமுடி, முசிறி ஆகிய இடங்களில் அளவு நிலையங்கள் இருக்கின்றன. முசிறி அளவை மேல் கணக்காகவும், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்துக்கும் கல்லணைக்குக் கீழே காவிரிக்கும் போவதைக் கீழ்க் கணக்காகவும் வைத்தால் போதும். புதிய கருவி வாங்கவேண்டிய தேவைகூட இல்லை. மதகின் திறப்பும் மேல்மட்ட நீர் உயரமும் தெரிந்தால் வெளியேறும் அளவை அட்டவணையிலேயே படித்துவிடலாம். கோடையில் மூடிய மதகின் அடியில் கசியும் நீரை அந்த அட்டவணை காட்டாது. அதைத் தனியாக மிதவை வைத்தோ ஓட்டமானி வைத்தோ மாதம் ஒருமுறை அளக்கவேண்டும்.

கடைமடை

எண்கள் சரி. மறுபக்கக் கணக்கையும் வையுங்கள்.

ஒரு டி.எம்.சி. 22,957 ஏக்கர்-அடி. ஒரு போக நெல்லுக்கு வழி இழப்பும் சேர்த்து 4 அடி நீர் என்று எடுத்தால் 5,700 ஏக்கர். பத்து என்றால் 57,000 ஏக்கர் குறுவை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க அணையில் 90 அடியாவது இருக்கவேண்டும் என்று பார்ப்பது வழக்கம். கோடையில் ஆற்றுக்கு என்று விட்டுவிட்டு ஜூனில் 85 அடியில் நின்றால், அந்த ஆண்டு குறுவை இல்லை. அப்போது திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் யாரும் சுற்றுச்சூழல் அட்டவணையைப் படிக்கமாட்டார்கள்.

அதோடு 2018 தீர்ப்பே டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று சொல்லித்தான் தமிழகத்தின் பங்கிலிருந்து வேறொரு 10 டி.எம்.சி.யைக் கழித்தது. ஆற்றில் நீர் ஓடாமல் நிலத்தடி நீர் எங்கிருந்து வரும் என்று நாங்களும் கேட்கிறோம். ஆகவே ஆற்றில் நீர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நாளில், எவ்வளவு, எந்த அணை மட்டத்துக்கு மேல் என்று எழுதிக் காட்டுங்கள்.

ஆற்றுமீன்

கடைமடை கேட்பது நியாயமான கேள்வி. உயிர்களின் பக்கமிருந்து பதில் சொல்கிறேன்.

ஆற்றுக்கு ஆண்டு மொத்த அளவைவிட மூன்று நேரங்கள் முக்கியம்.

முதலாவது மதகு மூடும் வாரம். 6,000 கனஅடி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரே நாளில் 1,000-க்கு இறக்கினால், ஓரக் கால்களிலும் மணல்திட்டுகளுக்கு நடுவிலும் மேய்ந்த மீன்கள் திரும்பி வர வழியின்றிக் குட்டையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு நாளில் கொக்குக்கும் வலைக்கும் இரை. மீதியை வெயில் கொல்லும். நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கு என்று இறக்கினால் 6,000, 4,800, 3,840, 3,070, 2,460, 1,970, 1,570, 1,260, 1,000 என்று எட்டு நாளில் வந்து நிற்கும். மீன் ஆழ மடுவுக்கு இறங்க நேரம் கிடைக்கும். கூடுதலாகச் செலவாகும் நீரைக் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 12,000 கனஅடி-நாள், அதாவது 1 டி.எம்.சி.யை ஒட்டித்தான் வரும்.

இரண்டாவது ஏப்ரல், மே. கோடையில் ஆறு என்பது மடுக்களின் வரிசை. விரால், கெளுத்தி, ஆரல் தாங்கும். ஓடும் நீர் தேடும் கெண்டை இனங்கள் தாங்கா. நீரில் கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்பது மீன்வளத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு. தேங்கிய மடுவில் விடியற்காலை அளந்தால் அதற்குக் கீழே போகும். பகல் 11 மணிக்கு அளந்து "6 இருக்கிறது" என்று எழுதுவது பாசி பகலில் வெளிவிடும் உயிர்வளியை அளப்பதுதான். அளவு சூரியன் எழுமுன் எடுக்கவேண்டும்.

மூன்றாவது ஜூன், ஜூலையில் முதல் வெள்ளம். இனப்பெருக்கத்துக்கு மேலேறும் மீனுக்கு அதுதான் சமிக்ஞை. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று மின்நிலையக் கதவணைகள் வரிசையாக நிற்பதால் அந்த ஏற்றம் ஏற்கெனவே துண்டு துண்டாகிவிட்டது. இதை நீர் விட்டுச் சரிசெய்ய முடியாது. மீன்வழி வைக்கவேண்டும், அது தனி வேலை.

காவிரிக்கே உரிய திமில்முதுகு மஹ்சீர் மீன் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஏறியது. அது இப்போது மிஞ்சியிருப்பதாகத் தெரிவது பெரும்பாலும் மோயாறு போன்ற மலைப்பகுதி ஆறுகளில்தான். ஆகவே மேட்டூருக்குக் கீழே நீர் விடுவதை "மஹ்சீரைக் காக்க" என்று எழுதிக் கேட்காதீர்கள். எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும்.

பொன்னிக்கரை

வெள்ள ஆண்டுகளில் கொள்ளிடத்தில் ஒரு லட்சம், இரண்டு லட்சம் கனஅடி கடலுக்குப் போகிறதே? 2022-இலும் 2024-இலும் பார்த்தோம். ஆண்டுக் கணக்கில் ஆற்றுக்கு 10-ஐவிடப் பலமடங்கு கிடைத்துவிடவில்லையா?

ஆற்றுமீன்

கிடைத்தது ஆகஸ்டில். மே மாதத்து மடுவுக்கு அது உதவாது. ஆனால் அந்த வெள்ளம் வீண் என்றும் சொல்லாதீர்கள். மணலைக் கழுவிப் புரட்டுவதும், ஆகாயத்தாமரையைத் தள்ளுவதும், கழிமுகத்துக்கு வண்டல் சேர்ப்பதும் அதுதான். 2.5 வீதம் ஓடும் நீரால் அந்த வேலை ஆகாது. வெள்ளமும் கோடை ஓட்டமும் வேறு வேறு வேலை செய்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழிக்கக்கூடாது.

மணற்கணக்கு

கொள்ளிடத்தைப் பற்றிப் பேசுவதால் ஒரு எச்சரிக்கை. "கோடை முழுக்க 200 கனஅடி விடுங்கள்" என்று பல மனுக்களில் பார்க்கிறேன். அது ஆற்றைச் சேராது, மணலைத்தான் சேரும்.

200 கனஅடி என்றால் நாளைக்கு 4.9 லட்சம் கனமீட்டர். நீர் 50 மீட்டர் அகலத்தில் பரவி ஓடுவதாகவும், காய்ந்த மணல் நாளைக்கு வெறும் 30 சென்டிமீட்டர் உறிஞ்சுவதாகவும் வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 15,000 கனமீட்டர் இறங்கும். 32 கிலோமீட்டரில் தீர்ந்தது. பருமணலில் நாளைக்கு ஒரு மீட்டர் இறங்குவதும் உண்டு. அப்படியானால் 10 கிலோமீட்டர். முக்கொம்பில் விட்டது திருச்சியை விட்டே வெளியேறாது. நான்கு மாதத்துக்கு 2 டி.எம்.சி. செலவு, பலன் ஒரு நகரத்துக் கிணறுகளுக்கு.

அதே நீரைத் துடிப்பாக, அதாவது சில நாள் மட்டும் கூட்டி, விடலாம். 2,000 கனஅடி வீதம் ஆறு நாள் என்றால் 1.04 டி.எம்.சி. முதல் இரண்டு நாள் மணல் குடிக்கும், பிறகு நனைந்த மணல்மேல் நீர் முன்னேறும். மடுவெல்லாம் ஒருமுறை புதுநீர் பெறும். மார்ச் நடுவில் ஒன்று, ஏப்ரல் கடைசியில் ஒன்று. மணலுக்குள் இறங்கியதும் வீணாகாது. 1 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழ மணல் என்றால் 5 லட்சம் கனமீட்டர். அதில் கால்பங்கு நீர் எடுக்கக் கிடைக்கும்: 12.5 கோடி லிட்டர். வெயிலில் ஆவியாகாத சேமிப்பு அது.

ஆனால் மணல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஒரு மீட்டர் மணல் அள்ளினால் மேலே சொன்ன 12.5 கோடி லிட்டர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிரந்தர இழப்பு. படுகை தாழ்ந்தால் இன்னொன்றும் நடக்கிறது: வாய்க்கால் தலைமதகின் அடித்தளம் ஆற்று நீர்மட்டத்துக்கு மேலே போய்விடுகிறது. முன்பு 2,000 கனஅடி ஓடும்போது நீர் ஏறிய வாய்க்காலுக்கு இப்போது அதைப்போலப் பலமடங்கு ஓடினால்தான் ஏறுகிறது. கொரம்பு (ஆற்றுக்குள் போடும் தற்காலிகத் தடுப்பு) போட்டுத் திருப்புகிறார்கள், அடுத்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகிறது. பாசனத்துக்குத் தேவையான நீரின் அளவையே மணல் அள்ளுதல் உயர்த்திவிட்டது என்பதுதான் கடைமடை நண்பர் பார்க்கவேண்டிய கணக்கு. ஆற்றுக்கும் வயலுக்கும் இடையே போட்டி என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இந்தப் பள்ளத்திலிருந்து பிறந்தது.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிட மதகுகள் ஒன்பது இடிந்து விழுந்தபோது 1830-களின் கட்டுமானம் பழசாகிவிட்டது என்றார்கள். வயதும் காரணம்தான். கீழ்ப்புறப் படுகை தாழ்ந்தால் எந்த அணைக்கட்டின் அடித்தளமும் அரிக்கும் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

கடைமடை

துடிப்பு, படிப்படியாக மூடுதல் இரண்டையும் ஏற்கலாம். நிபந்தனை இரண்டு.

ஜனவரி கடைசியில் சம்பாவும் தாளடியும் பல இடத்தில் அறுவடை நிலையில் இருக்கும். அந்த எட்டு நாள் நீர் வாய்க்காலில் ஏறினால் அறுவடை இயந்திரம் வயலில் இறங்காது, கதிர் சாய்ந்து முளைக்கும். ஆகவே கல்லணைக் கால்வாய், வெண்ணாறு தலைமதகுகளை முதலில் மூடிவிட்டு, குறையும் நீரைக் காவிரி, கொள்ளிடம் இரண்டிலும் மட்டும் விடவேண்டும். பயிர் பின்தங்கிய பகுதிக்கு நீட்டிப்பு கேட்டிருந்தால் அதை முறைவைத்துக் கொடுங்கள், இரண்டையும் குழப்பவேண்டாம்.

இரண்டாவது, மேட்டூரில் பிப்ரவரி 1 மட்டத்தை வைத்து எழுதுங்கள். 90 அடிக்கு மேல் என்றால் இரண்டு துடிப்பு. 60-க்கும் 90-க்கும் இடையில் ஒன்று. 60-க்குக் கீழே துடிப்பு இல்லை, மடுக்களுக்கான அடிப்படை ஓட்டம் மட்டும். இப்படி எழுத்தில் இருந்தால் விவசாயச் சங்கங்கள் எதிர்க்கக் காரணம் குறையும்.

சட்டவரி

60 அடி நிபந்தனையில் கவனம் வேண்டும். பற்றாக்குறை ஆண்டில் பங்குகளை விகிதப்படி குறைக்கலாம் என்ற ஷரத்து கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய நான்கின் பங்கைத்தான் பெயர் சொல்கிறது. சுற்றுச்சூழலின் 10-ஐ அது குறிப்பிடவில்லை. அது குறையாது என்று வாதிட இடம் இருக்கிறது. கோடையில் மாதம் 2.5 கேட்டுத் தமிழகம் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவில் நிற்பதும் இந்த வரியை வைத்துத்தான். மேலே இருந்து கேட்கும்போது "இது ஆற்றின் பங்கு, குறையக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மேட்டூருக்குக் கீழே "அணை மட்டம் குறைவு, ஆற்றுக்கு இல்லை" என்றால் நம் வாதத்தை நாமே உடைக்கிறோம். நமக்குக் கிடைக்கும் நீரின் உரிமையே அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

கங்கையில் இதற்கு எழுத்து வடிவம் உண்டு. 2018 அக்டோபர் அறிவிக்கையில், மேல் கங்கைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை முந்தைய பத்து நாள் சராசரி ஓட்டத்தில் 20 விழுக்காடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று வைத்தார்கள். கீழே தடுப்பணைகளுக்கு நேரடி எண்: ஹரித்துவார் பீம்கோடாவில் மழையற்ற மாதங்களில் வினாடிக்கு 36 கனமீட்டர், கான்பூரில் 24. கான்பூர் எண்ணை மாற்றினால் 850 கனஅடி. அது நடைமுறையில் எவ்வளவு நிற்கிறது என்பது வேறு விவாதம். ஆனால் இந்த இடத்தில், இந்த மாதத்தில், இவ்வளவு என்று எழுதியிருக்கிறது. காவிரியில் இடமும் அளவும் எல்லையில் மட்டுமே எழுதியிருக்கிறது. காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் நீர்வளம், வேளாண்மை, மாநிலங்கள் சார்பில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆற்றுச் சூழலியலுக்கென்று இருக்கை இல்லை. மாநிலத்துக்குள் இந்த எண்ணை அரசாணையாகப் போட ஆணையத்தின் அனுமதி தேவையில்லை, நீர்வளத்துறை போதும்.

740-இல் 10 என்பது 1.35 விழுக்காடு. ஆற்றுக்குத் தேவையான ஓட்டத்தைக் கணிக்கும் டென்னன்ட் முறையில் ஆண்டுச் சராசரியில் 10 விழுக்காடு என்பதே உயிர் தாங்கும் கடைசி எல்லை. அது அமெரிக்கக் குளிர்ப்பகுதி ஓடைகளுக்கு வகுத்த முறை, பருவமழை ஆற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இடைவெளி எவ்வளவு என்று காட்டுகிறது. 1.35-ஐயாவது முழுதாகக் கேட்போம்.

கழிமுகம்

யாரும் கடல் முனையைத் தொடவில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காடு வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நிற்கிறது. நன்னீர் குறைந்தால் தாழ்ந்த குழிகளில் கடல்நீர் தேங்கி, ஆவியாகி, கடலைவிட உப்பு ஏறிவிடும். சுரபுன்னை போன்றவை முதலில் பின்வாங்கும், உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் மிஞ்சும். 1990-களில் மீன்முள் வடிவ வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டுப் பாழ்பட்ட இடங்களை மீட்டார்கள். அது தேங்கலைத் தீர்த்தது. நன்னீரைத் தரவில்லை.

மேலே பேசிய துடிப்பு கொள்ளிடத்தின் கீழணையான அணைக்கரையைத் தாண்டி வருமா என்பது சந்தேகமே. வந்தாலும் ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை குறுக்கே இருக்கிறது. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் நிலத்தடி நீரைத் தாங்கவும் அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வடியும்போது எல்லா மதகையும் ஒரே நாளில் இறக்கி நிரப்பினால், இறால் குஞ்சு மேலேறும் பருவத்தில் கழிமுகம் மூடிவிடும். இரண்டு மூன்று மதகையாவது ஓரடி திறந்து வைத்துக் கடைசியில் மூடவேண்டும். கோடை நீரில் எங்களுக்குப் பங்கு கேட்கவில்லை. வடியும் வெள்ளத்தின் வாலைக் கேட்கிறோம்.

நீரளவை

இதுவரை வந்ததைக் கூட்டுகிறேன். படிப்படியாக மூடுவதற்கு 1.03. இரண்டு துடிப்புக்கு 2.07. கல்லணைக்குக் கீழே காவிரிக் கிளையில் பிப்ரவரி முதல் மே வரை 150 கனஅடி வீதம் 120 நாளுக்கு 1.55. மொத்தம் 4.65 டி.எம்.சி. மீதி 5.35-ஐ மேட்டூர் முதல் முக்கொம்பு வரை வழி இழப்புக்கும், மடுக்களில் உயிர்வளி விழும்போது அவசரத்துக்கும் வைக்கலாம். பிப்ரவரி 1-இல் 60 அடிக்குக் கீழே இருந்தால் துடிப்பின் 2.07 அணையிலேயே நிற்கும், ஆனால் ஆற்றின் கணக்கில் நிற்கும். ஜூன் முதல் வெள்ளத்தோடு சேர்த்து அதைக் கொள்ளிடத்துக்குக் கொடுக்கவேண்டும். சட்டவரி சொன்ன முரண்பாடும் இதில் தீரும்.

தலைமதகு

கணக்கு நிற்கிறது. இயக்கத்தில் மாட்டும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

துடிப்பை மேட்டூரிலிருந்தே விட்டால் கல்லணை வர மூன்று நான்கு நாள். நடுவில் மின்கதவணைகள் நீரைப் பிடித்து மாலை நேர மின்தேவைக்கு விட்டால் 2,000 கனஅடி ஏறி இறங்கி, முக்கொம்புக்கு வரும்போது உருவமே மாறியிருக்கும். அந்த ஆறு நாளும் வந்தது வந்தபடி கடத்த மின்வாரியத்துக்கு எழுத்தில் ஆணை வேண்டும். மாயனூர் கதவணையில் சுமார் 1 டி.எம்.சி. நிற்கும். முதல் இரண்டு நாள் துடிப்பை அங்கிருந்து தொடங்கி, மேட்டூர் நீர் வந்ததும் ஈடுசெய்யலாம். கட்டளை வாய்க்கால்களும் குடிநீர்க் கிணறுகளும் கேட்கும் மட்டத்துக்குக் கீழே மாயனூரை இறக்கக்கூடாது, ஆகவே பாதிக்கு மேல் எடுக்கவேண்டாம்.

வழக்கமாக முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்கு உபரி மட்டுமே போகும். கோடையில் அந்த மதகைத் திறக்க நிலையான ஆணை கிடையாது என்பதால், அரசாணையில் மதகின் பெயரைச் சொல்லியே எழுதவேண்டும். இல்லாவிட்டால் கீழ்நிலை அலுவலர் திறக்கத் தயங்குவார், அது இயல்பு.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயக்கழிவு தேங்கிய இடம் இருந்தால் துடிப்பின் முதல் நீர் அதை ஒரே தள்ளாகக் கீழே கொண்டுபோகும். மீன் செத்து மிதக்கும், பழி திறந்த நீர்மேல் விழும். திறப்பதற்கு ஒரு வாரம் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஓடை முகங்களை அளக்கவேண்டும். கழிவு இருந்தால் அதை நிறுத்துவது முதல் வேலை. நீரைக் கூட்டி நீர்த்துப்போகச் செய்வதை ஆற்றின் பங்கிலிருந்து கழிக்க விடாதீர்கள்.

கடைசியாக ஆட்கள். ஏப்ரலில் ஆற்றுக்குள் மாடு மேயும், பிள்ளைகள் விளையாடும். 48 மணி நேரம் முன்னதாகத் தண்டோரா, ஒலிபெருக்கி, முதல் நாள் 500 கனஅடி, மறுநாள் 1,000, மூன்றாம் நாளில்தான் 2,000. ஏற்றத்திலும் படி வேண்டும். இதனால் ஆறு நாள் எட்டு நாளாகும், நீர் அளவு துடிப்புக்கு 0.13 டி.எம்.சி. கூடும். 5.35-க்குள் அடங்கும்.

கடைமடை

எட்டு நாள் சரி. அரசுக்குக் கொடுக்கும் மனுவில் மேட்டூர் மட்ட அட்டவணையை முதல் பக்கத்திலேயே வையுங்கள். சங்கங்களில் கையெழுத்து வாங்க அதைத்தான் முதலில் காட்டவேண்டும்.

சட்டவரி

வைக்கிறேன். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி: கடந்த ஐந்து ஆண்டுகளில் பிப்ரவரி 1 முதல் மே 31 வரை நாள்வாரியாக மேட்டூர் வெளியேற்றம், முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குப் போனது, கல்லணைக்குக் கீழே காவிரியில் விட்டது. மாத மொத்தம் கேட்காதீர்கள், நாள்வாரியாகக் கேளுங்கள். ஒரே நாளில் மதகு மூடியது மாத மொத்தத்தில் தெரியாது.